கொல்லைச் சருகைக் கொளுத்தலாமா? அமெரிக்காவில் வீடு வாங்கியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஊரில் இதை யாரும் கேள்வியாகவே நினைப்பதில்லை. வாசலைப் பெருக்கினோமா, வேப்பஞ்சருகை ஓரமாகக் குவித்தோமா, ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டோமா, அவ்வளவுதான். இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. குப்பையைத் திறந்த வெளியில் எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனால் தெருமுனையில் புகை எழுந்தவுடன் ரசீதுப் புத்தகத்தோடு யாரும் வந்து நிற்பதில்லை. அதனால் பழக்கம் அப்படியே தொடர்கிறது.

அந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவுக்கு வந்து, சில வருடம் அபார்ட்மென்டில் ஓட்டிவிட்டு, ஒருநாள் அரை ஏக்கர் கொல்லையோடு வீடு வாங்குகிறோம். முதல் அக்டோபரில் ஓக்கும் மேப்பிளும் சேர்ந்து புல்தரையைக் கணுக்கால் உயரத்துக்கு மூடிவிடுகின்றன. மார்ச்சில் பனி உருகினால், குளிர்காலக் காற்றில் முறிந்த கிளைகள் அடியிலிருந்து வெளியே வருகின்றன. இதையெல்லாம் குவித்துக் கொளுத்திவிடலாமா என்ற யோசனை அப்போதுதான் வருகிறது.

‘கூடாது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், பாதுகாப்பான பதில். ஆனால் அது முழு உண்மை இல்லை. பல ஊர்களில் முறையாக அனுமதி வாங்கி எரிக்கலாம். என்ன, எந்த ஊர், எந்தப் பொருள், எந்த மாதம், எத்தனை மணி என்ற நான்கையும் பொறுத்துப் பதில் மாறும். முதல் பார்வைக்கு இந்த விதிகள் கன்னாபின்னாவென்று எழுதப்பட்டவை போலத் தெரியும். ஒவ்வொன்றும் எதைக் கண்டு பயந்து எழுதப்பட்டது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். பயம் மூன்று: கையை மீறிப் பரவும் நெருப்பு, ஊர் மூச்சில் கலக்கும் புகை, பக்கத்து வீட்டுக்காரரோடு வரும் தகராறு.

யார் சொல்வதைக் கேட்பது?

வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு உங்கள் கொல்லைக் குவியலைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்வதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். காற்றில் எவ்வளவு மாசு இருக்கலாம் என்ற வரம்பை அது வைக்கும். அதை எப்படிக் காப்பாற்றுவது என்பது மாநிலத்தின் வேலை. மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறையோ தீயணைப்புத் துறையோ ஒரு பொதுவிதி போடும். அதற்குக் கீழே கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) அல்லது டவுன், இன்னும் இறுக்கமாக ஒரு விதி போடலாம். அதற்கும் கீழே, உங்கள் குடியிருப்புக்கு எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அதன் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் ‘கூடவே கூடாது’ என்று.

இதில் எப்போதும் இறுக்கமானதுதான் செல்லும். மாநிலம் ‘எரிக்கலாம்’ என்று சொல்லி டவுன் ‘கூடாது’ என்றால், கூடாது. டவுன் கண்டுகொள்ளாமல் விட்டாலும் மாநிலம் தடுத்திருந்தால், அப்போதும் கூடாது. ‘பக்கத்து ஊரில் என் நண்பர் ஒவ்வொரு வருடமும் எரிக்கிறாரே’ என்பது இங்கே ஒரு வாதமே ஆகாது. அவருடைய டவுன் வேறு.

இன்னொரு சிக்கல், தபால் முகவரி. கடிதத்தில் எழுதும் ஊர்ப் பெயரும் நீங்கள் வரி கட்டும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. சொத்துவரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எந்த டவுனுக்கு, எந்தக் கவுன்டிக்கு, எந்தத் தீயணைப்பு மாவட்டத்துக்குப் பணம் போகிறதோ, அவர்கள் விதிதான் உங்களுக்கு.

மாசசூசெட்ஸை எடுத்துக்கொள்வோம்

பொதுவாகப் பேசினால் தலை சுற்றும். ஒரு மாநிலத்தை முழுதாகப் பார்த்துவிட்டால் மற்றதைப் படிப்பது சுலபம். மாசசூசெட்ஸ் இதற்கு வசதியான மாநிலம், விதிகள் தெளிவாக இருக்கின்றன.

அங்கே எரிப்பதற்கென்று ஒரு பருவமே உண்டு: ஜனவரி 15 முதல் மே 1 வரை. காலை 10 மணிக்கு மேல்தான் பற்றவைக்கலாம், மாலை 4 மணிக்குள் முழுதாக அணைந்திருக்க வேண்டும். எந்தக் கட்டடத்திலிருந்தும் குறைந்தது 75 அடி தள்ளி. உங்கள் வீடு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக் கராஜும் கட்டடம்தான். அடுத்தடுத்து வீடுகள் நெருங்கிய தெருவில் இந்த 75 அடியே பலருடைய ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடும். டவுனின் தீயணைப்புத் துறையிடம் பெர்மிட் வாங்க வேண்டும். பெர்மிட் வாங்கியதும் எந்த நாளும் எரிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. அன்றன்று காலையில் ‘இன்று உண்டா’ என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். காற்று வலுத்தால் கொடுத்த அனுமதியை அன்றைக்கே திரும்பப் பெறுவார்கள்.

இதெல்லாம் சிறிய ஊர்களுக்கு. பாஸ்டன், கேம்பிரிட்ஜ், சோமர்வில், நியூட்டன், வால்தம், லோவெல், வுஸ்டர், ஸ்ப்ரிங்ஃபீல்டு என்று மொத்தம் 22 ஊர்களில் எந்த மாதத்திலும் கிடையாது. வீடுகள் அடர்ந்த இடத்தில் புகைக்குப் போக வழியில்லை என்பதுதான் காரணம்.

எதை எரிக்கலாம்? சுள்ளி, கிளைகள், புதர் வெட்டியது, பழமரம் கவாத்து செய்ததில் விழுந்தது, ராஸ்ப்பெர்ரிச் செடியின் காய்ந்த தண்டு. நோய் பிடித்த தேன்கூட்டைக்கூட எரிக்கலாம் என்று விதியில் இருக்கிறது. எதை எரிக்கக் கூடாது? இலை, புல், வைக்கோல், மரத்தின் அடிக்கட்டை, டயர், கட்டட இடிபாடு, வீட்டுக் குப்பை. ஆமாம், இலை கூடாது. ‘கொல்லைக் கழிவு எரிக்கலாம்’ என்று கேள்விப்பட்டு, சருகைக் குவித்து வைத்துக்கொண்டு பெர்மிட் கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் திகைப்பார்கள்.

ஜனவரி 15 என்றதும் பொங்கல் நினைவுக்கு வரும். போகிக்கு ஒன்றிரண்டு நாள் தாமதமாகத் தொடங்குகிறது இந்தப் பருவம். ஆனால் போகிக்குப் பழைய பாயையும் துணியையும் எரிப்பது எந்தத் தேதியிலும் நடக்காது. அது வீட்டுக் குப்பைக் கணக்கில் போய்விடும்.

சருகின் மேல் என்ன கோபம்?

கிளைக்கு அனுமதி, இலைக்குத் தடை என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். காய்ந்த கிளை நன்றாகக் காற்று வாங்கி, சுடர்விட்டு, சூடாக எரியும். சூடு ஏற ஏறப் புகை குறையும். சருகுக் குவியல் அப்படி இல்லை. மேலே ஓர் அங்குலம் காய்ந்திருக்கும், அதற்குக் கீழே கை விட்டால் ஈரம் ஒட்டும். இலைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து காற்றை உள்ளே விடாது. விளைவு, சுடரே இல்லாமல் மணிக்கணக்கில் கனன்று வெள்ளையாகப் புகை கக்கும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருள்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல், 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள் இருக்கிறது. மூக்கு முடியும் சளியும் தடுக்க முடியாத அளவு அது. நேரே நுரையீரலின் அடிக்குப் போய் உட்காரும். பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை ஒன்று இருந்தால் அன்று இரவு அவர்களுக்குத் தூக்கம் இல்லை.

அப்புறம், தீப்பொறி. எரியும் இலை எடை இல்லாதது. சூடான காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் யாருடைய கூரையோர மழைநீர் வாய்க்காலில் போடும் என்று சொல்ல முடியாது. அந்த வாய்க்காலிலும் போன வருடத்துச் சருகு அடைந்துதான் கிடக்கும்.

காலை 10 முதல் மாலை 4 வரை என்ற கணக்குக்கும் புகைதான் காரணம். இரவில் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று, இட்லிப் பானையின் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் புகை போட்டால் அது மேலே ஏறாமல் தெருவில் படுத்துக்கொள்ளும். வெயில் ஏறித் தரை சூடானபின் மூடி கலையும், புகையும் மேலே போய்ச் சிதறும். பொழுது சாயும்போது மூடி மறுபடி விழ ஆரம்பிக்கும். இதனால்தான் ஊரில் நாம் வழக்கமாகச் சருகு கொளுத்தும் அதிகாலையும் அந்தி நேரமும் புகைக்கு மிக மோசமான நேரங்கள்.

டெக்ஸஸ் மாநில விதி இதையே வேறு வழியில் சொல்கிறது. காற்று மணிக்கு 23 மைலுக்கு மேல் வீசும் என்றால் பற்றவைக்கக் கூடாது. இது எல்லாருக்கும் புரியும். ஆனால் 6 மைலுக்குக் கீழே இருந்தாலும் கூடாது. முதலாவது நெருப்புக்குப் பயந்து, இரண்டாவது புகைக்குப் பயந்து. ஒரே விதியில் இரண்டு பயமும் இருப்பது எனக்குப் பிடித்த உதாரணம்.

ஒரே வசந்தம், எதிரெதிர் நாட்காட்டி

மாசசூசெட்ஸுக்கு மேற்கே எல்லையைத் தாண்டினால் நியூயார்க். மாசசூசெட்ஸில் பருவத்தின் கிட்டத்தட்டப் பாதி இன்னும் மிச்சம் இருக்கும்போது, மார்ச் 16 அன்று நியூயார்க் கதவைச் சாத்திவிடுகிறது. மே 14 வரை மாநிலம் முழுவதும் தோட்டக் கிளை எரிக்கத் தடை. அதாவது மாசசூசெட்ஸ் எரிக்கச் சொல்லும் ஏப்ரலில் நியூயார்க் எரிக்காதே என்கிறது.

யார் சொல்வது சரி? இரண்டு மாநிலத்துக்கும் பயம் ஒன்றுதான். பனி உருகி, புதுத் தளிர் விடுவதற்கு முன்னால் உள்ள அந்தச் சில வாரங்களில் காட்டுத் தரை முழுக்கப் போன வருடத்துச் செத்த புல்லும் இலையும்தான். மரங்களில் இலை இல்லாததால் வெயில் நேராகத் தரையில் விழுந்து எல்லாவற்றையும் மொறுமொறுவென்று காயவைக்கும். காற்றும் அப்போதுதான் பலமாக அடிக்கும். மாசசூசெட்ஸில் தீயணைப்பு அதிகாரிகளே ஏப்ரல்தான் புதர்த்தீக்கு மோசமான மாதம் என்று ஒவ்வொரு வருடமும் எச்சரிக்கிறார்கள். அவர்கள் நாட்காட்டியை நீளமாக விட்டுவிட்டு அன்றாட அனுமதியை நம்புகிறார்கள். நியூயார்க், ஒவ்வொரு நாளையும் எடைபோடுவதற்குப் பதில் இரண்டு மாதத்தை மொத்தமாகப் பூட்டிவிட்டது. நியூயார்க்கின் முறை 2009 அக்டோபரில் வந்தது. அதற்குப் பிறகு வசந்தகாலக் காட்டுத்தீ 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்பது அந்த மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. என்னைக் கேட்டால் நியூயார்க் வழிதான் மேல். சனிக்கிழமை காலை போன் எடுக்கும் அலுவலரின் கணிப்பை நம்பி ஏப்ரல் மாதத்தைத் திறந்துவிட வேண்டியதில்லை.

நியூயார்க்கில் தடை இல்லாத மாதங்களிலும் எல்லாருக்கும் அனுமதி இல்லை. மொத்த மக்கள்தொகை 20,000-க்குக் குறைவான டவுன்களில் மட்டும்தான். கிளை 6 அங்குல விட்டத்துக்கும் 8 அடி நீளத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். கிளையோடு ஒட்டியிருக்கும் இலை பரவாயில்லை, உதிர்ந்த சருகுக் குவியல் கூடாது. விழுந்த இடத்திலேயே எரிக்க வேண்டும், மச்சான் வீட்டுக் கிளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரக் கூடாது. மீறினால் முதல் தடவைக்கே அபராதம் குறைந்தது 500 டாலர். அடிரோண்டாக், கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ‘ஃபயர் டவுன்’ என்று குறிக்கப்பட்ட ஊர்களில் தனியாக அனுமதியும் வாங்க வேண்டும்.

தெற்கே ஜார்ஜியாவுக்குப் போனால் நாட்காட்டி இன்னொரு மாதிரி. அட்லாண்டாவைச் சுற்றிய கவுன்டிகள் உட்பட 54 கவுன்டிகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை தடை. இங்கே முதல் பயம் காட்டுத்தீ இல்லை, ஓசோன். கோடை வெயிலில் வண்டிப் புகையும் மற்றப் புகையும் வேதிவினை புரிந்து தரைமட்டத்தில் ஓசோனாகிறது, மூச்சுக்குழாயை எரிக்கிறது. அந்த மாதங்களில் தோட்டப் புகையும் சேர வேண்டாம் என்பதுதான் கணக்கு. மற்ற மாதங்களில் கையால் குவித்த இலை, கிளைகளுக்கு 2021 முதல் மாநில அனுமதிச்சீட்டு தேவையில்லை. ஆனால் காட்டோரத்திலிருந்து 25 அடி, கட்டடத்திலிருந்து 50 அடி, பொழுது விடிந்தபின் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் முடிப்பது, ஆள் கூடவே நிற்பது என்ற நிபந்தனைகள் உண்டு. அட்லாண்டா பக்கத்துச் சில ஊர்கள் வருடம் முழுவதும் தடுத்தும் வைத்திருக்கின்றன.

நியூ ஜெர்சிக்காரர்களுக்குப் படிக்க வேண்டியது மிகக் குறைவு. எடிசனோ பிரின்ஸ்டனோ, வீட்டுச் சருகையும் செடிகொடியையும் எரிக்க மாநிலமே அனுமதிப்பதில்லை.

கலிஃபோர்னியாவில் அந்தந்தப் பகுதியின் காற்று மாசைக் கவனிக்கக் காற்று மாவட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியா மாவட்டம் கொல்லைப்புறத்தில் கழிவு எரிப்பதைத் தடுத்திருக்கிறது. சியரா மலையடிவாரக் கவுன்டிகளுக்குப் போனால் கதை வேறு. அங்கே புதரை ஒழிக்காவிட்டால் கோடையில் வீட்டுக்கே ஆபத்து. அதனால் ஒவ்வொரு நாளும் ‘இன்று எரிக்கலாம்’ அல்லது ‘இன்று கூடாது’ என்று அறிவிக்கிறார்கள். குவியல் நான்கு அடிக்கு நான்கு அடி, சுற்றிலும் 10 அடிக்கு வெறும் மண், கையில் மண்வெட்டி, பக்கத்தில் தண்ணீர், பெரியவர் ஒருவர் நகராமல் நிற்க வேண்டும்.

நாட்காட்டி ‘சரி’ என்று சொல்வதும் இறுதி வார்த்தை இல்லை. 2024 இலையுதிர்காலத்தில் வடகிழக்கு மாநிலங்களில் மழை பொய்த்தது. நவம்பர் 8 அன்று தொடங்கிய ஜென்னிங்ஸ் க்ரீக் தீ, நியூயார்க்–நியூ ஜெர்சி எல்லையில் சுமார் 5,000 ஏக்கரை எரித்தது. நாட்காட்டிப்படி நவம்பர் அனுமதிக்கப்பட்ட மாதம்தான். ஆனால் அந்த மாதம் நியூயார்க் ஆளுநர் மாநிலம் முழுவதும் வெளியில் நெருப்பு மூட்டுவதைத் தடை செய்தார். டெக்ஸஸில் இந்த அதிகாரம் கவுன்டி ஆணையர்கள் கையில் இருக்கிறது. வறட்சி வந்தால் 90 நாள் வரை தடை போடுவார்கள், தேவைப்பட்டால் மறுபடியும் போடுவார்கள்.

பிப்ரவரிச் சனிக்கிழமை ஒன்று

சரி, மாசசூசெட்ஸில் ஒரு சிறிய டவுன், எரிக்க அனுமதி உள்ள ஊர், கையில் பெர்மிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

முதலில் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததே நல்ல முடிவு. சுற்றிலும் தரையில் பனி இருந்தால் பொறி விழுந்தாலும் அவிந்துவிடும். ஏப்ரல் வரை தள்ளிப்போட்டால் காற்றுக்குக் காத்திருந்தே பருவம் முடிந்துவிடும். காலை எட்டு, எட்டரைக்கு டவுன் தீயணைப்புத் துறையின் பக்கத்தைப் பாருங்கள், அல்லது பதிவு செய்த அறிவிப்பைத் தொலைபேசியில் கேளுங்கள். அழைக்க வேண்டியது அவர்களின் நான்-எமர்ஜென்சி எண்ணை. அவசர உதவி எண்ணான 911-ஐ இதற்கு அழைக்கக் கூடாது.

‘இன்று உண்டு’ என்றால், குழாயைத் தோட்டம்வரை இழுத்துத் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பாருங்கள். பிப்ரவரியில் இது சும்மா சொல்வது இல்லை. குளிர்காலத்துக்கு முன் வெளிக்குழாயை உள்ளிருந்தே மூடியிருப்பீர்கள், குழாய்க்குள் நின்ற தண்ணீர் உறைந்து கட்டியாகியிருக்கும். தண்ணீர் வரவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

வெறும் மண்ணிலோ சரளையிலோ ஒரு சிறு குவியல் போடுங்கள். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். குளிர்காலம் முழுக்கக் குவிந்து கிடந்த பழைய குவியலை அப்படியே பற்றவைக்காதீர்கள், முயலோ வேறு பிராணியோ உள்ளே குடியிருக்கலாம். பழைய குவியலிலிருந்து எடுத்து எடுத்துப் புதுக் குவியலில் போடுவதுதான் முறை. தாளும் மெல்லிய சுள்ளியும் வைத்துப் பற்றவையுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி, குச்சியைக் கிழித்தவர் காலடியிலேயே பற்றிக்கொள்ளும். தீக்காயப் பிரிவுக்கு வருகிற பலருடைய கதை இதுதான்.

இரண்டரை மணி, மூன்று மணிக்குப் புதிதாகப் போடுவதை நிறுத்துங்கள். நான்கு மணிக்கு அணைந்திருக்க வேண்டும் என்றால் நான்கு மணிக்கு அணைக்கத் தொடங்குவது இல்லை. தண்ணீர் ஊற்றுங்கள், மண்வெட்டியால் அடிவரை புரட்டுங்கள், மறுபடி ஊற்றுங்கள். பிறகு புறங்கையை மேலே காட்டிப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் முடியவில்லை. சாம்பலுக்கு அடியில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

நடுவில் கைபேசி அடித்தது என்று உள்ளே போய்விட்டால், அந்த ஐந்து நிமிடத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு. மாசசூசெட்ஸ் சட்டப்படி அனுமதியில்லாத தீக்கு 500 டாலர் வரை அபராதம், தீயை அணைக்க ஆன செலவு, ஒரு மாதம் வரை சிறை என்றுகூட எழுதியிருக்கிறது. இதில் பலர் கவனிக்காதது நடுவில் உள்ளது. மூன்று தீயணைப்பு வண்டிகளும் ஆட்களும் வந்து போன செலவுக்கு முன்னால் 500 டாலர் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. பெர்மிட் கையில் இருந்தாலும் உங்கள் புகை பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் போய் அவர்கள் புகார் செய்தால், தீயணைப்புத் துறை வந்து அணைக்கச் சொல்லலாம். முந்தின நாளே போய் ‘நாளைக்குக் கிளை எரிக்கப் போகிறோம், உங்களுக்கு வசதிப்படுமா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. எந்த விதியிலும் இது இல்லை. ஆனால் புகார் அழைப்பில் பாதி இதனாலேயே குறையும்.

குவியலுக்குள் கலந்து வருபவை

பாய்சன் ஐவி என்று ஒரு கொடி இருக்கிறது. மூன்று மூன்றாக இலை விட்டு மரத்தில் ஏறும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் ரோமம் முளைத்த கயிறு மாதிரி அடிமரத்தில் ஒட்டிக் கிடக்கும். நம் ஊரில் இல்லாததால் நமக்கு அடையாளம் தெரியாது. தொட்டாலே தோல் கொப்பளிக்கும். எரித்தால் அதன் எண்ணெய் புகையோடு ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய் அங்கே கொப்பளிக்கும். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போகலாம். வெட்டிய கிளையில் இந்தக் கொடி சுற்றியிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் எரிக்காதீர்கள்.

அடுத்தது, பழைய டெக் (வீட்டோடு ஒட்டிய திறந்த மரத்தளம்) பலகை. 2003 வரை வீட்டு டெக்குகளுக்கு விற்ற பச்சை சாயல் மரத்தில் பெரும்பாலும் ஆர்செனிக் ஏற்றியிருப்பார்கள், கறையான் அரிக்காமல் இருக்க. அதை எரித்தால் ஆர்செனிக் போய்விடாது, சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைக் கத்திரிச் செடிக்கு உரம் என்று போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் எல்லாம் இதே கணக்குதான்.

மூன்றாவது, இரும்பு டிரம். கிராமப்புற வீடுகளை வாங்கும்போது கொல்லை மூலையில் துருப்பிடித்த டிரம் ஒன்று நிற்கும். முன்பு குடியிருந்தவர்கள் அதில்தான் குப்பையை எரித்திருப்பார்கள். பிளாஸ்டிக்கும் அட்டையும் டிரம்மில் குறைந்த சூட்டில் வேகும்போது டையாக்ஸின் என்ற நச்சு உண்டாகிறது. இப்படி எரிக்கும் சில பத்து வீடுகள் சேர்ந்தாலே, வடிகட்டி பொருத்திய நகராட்சிக் குப்பை எரிஉலை ஒன்றுக்கு ஈடான டையாக்ஸினைக் கக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் சோதனைகள் காட்டின. நியூயார்க் 2009-இல் வீட்டுக் குப்பை எரிப்பதை மாநிலம் முழுவதும் நிறுத்தியது. அந்த டிரம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

ஃபயர் பிட் பற்றி ஒரு வார்த்தை

ஃபயர் பிட் என்ற தீக்குழியைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வதும், கிளைக் குவியல் எரிப்பதும் சட்டத்தில் வேறு வேறு. நியூயார்க்கில் 3 அடி உயரத்துக்கும் 4 அடி அகலத்துக்கும் குறைவான சிறு நெருப்பை, காய்ந்த சுத்தமான விறகோ கரியோ போட்டு, பக்கத்தில் ஆள் இருந்து மூட்டினால் மாநிலம் தடுப்பதில்லை. ‘அப்படியென்றால் அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சருகைப் போட்டுவிடலாமே’ என்று யோசனை ஓடும். ஓட வேண்டாம். சருகைப் போட்ட நிமிடத்தில் அது குளிர்காயும் நெருப்பு இல்லை, கழிவு எரிப்பு. வெள்ளைப் புகையே காட்டிக்கொடுத்துவிடும்.

சருகை அப்போது என்னதான் செய்வது?

உண்மையில் சருகுக்கு நெருப்பு தேவையே இல்லை. புல்வெட்டும் இயந்திரத்தில் மல்ச்சிங் பிளேடு போட்டு இரண்டு தடவை மேலே ஓட்டினால் பொடியாகிப் புல்லுக்கு நடுவே இறங்கிவிடும், வசந்தத்தில் மண்ணுக்கு உரம். அதற்கு மேல் மிஞ்சுவதைக் கம்பிவலை வளையத்துக்குள் கொட்டி மூலையில் வையுங்கள். பெரும்பாலான ஊர்களில் அக்டோபர், நவம்பரில் காகிதப் பையில் கட்டித் தெருவோரத்தில் வைத்தால் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். மாசசூசெட்ஸில் சருகையும் தோட்டக் கழிவையும் சாதாரணக் குப்பையோடு போடுவதற்கும் தடை உண்டு, அதனால் டவுனே ஒரு கம்போஸ்ட் மைதானம் வைத்திருக்கும். கிளைகளுக்கு, வருடத்தில் சில நாள்கள் கிளையை அரைக்கும் சிப்பர் இயந்திரம் கொண்டுவரும் டவுன்கள் உண்டு. அரைத்த மரத்தூளைத் திருப்பிக் கேட்டால் இலவசமாகத் தருவார்கள்.

பக்கத்து வீட்டில் புகை வருகிறது, அவர்கள் அனுமதி வாங்கினார்களா என்று தெரியவில்லை என்றால், அதற்கும் நான்-எமர்ஜென்சி எண்தான். அன்றைக்கு யார் யாருக்கு அனுமதி கொடுத்தார்கள் என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கும். சுடர் புல்தரையில் நகர ஆரம்பித்துவிட்டால் மட்டும் யோசிக்காமல் 911.